சீலிங்கில் இருக்கும் தண்ணீர்

என் வேலையை ஒரே வரியில் விளக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அப்பாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி பஸ் ஓட்டிய காலத்தில், நான் கல்லுக்குள் தண்ணீர் அசைகிறதா என்று பார்க்கிறவள் எனக் கூட்டாளிகளிடம் சொல்லி முடித்துவிட்டார். அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

சில படிகங்கள் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே உருவாகின்றன. தொட்டால் ஈரம் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தனக்கென்று ஓர் இடம் பிடித்து உள்ளே உட்கார்ந்திருக்கும். அந்தப் படிகத்தைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து வானொலி அலையால் தட்டினால், ஹைட்ரஜன் பதில் கொடுக்கும். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ.யும் இதே வித்தைதான். பதிலின் வடிவத்தைப் பார்த்து மூலக்கூறு சும்மா இருக்கிறதா, புரள்கிறதா என்று சொல்லிவிடலாம். நான் பார்த்த ஜிப்சத்தில் அது புரண்டுகொண்டேதான் இருந்தது. இரண்டு ஹைட்ரஜனும் இடம் மாற்றிக்கொள்ளும்; புரண்டு முடித்த பிறகு பார்த்தால் எதுவும் மாறியிருக்காது.

ஒருநாள் சாப்பிடும்போது வீட்டு சீலிங்கைக் காட்டி, அதுவும் ஜிப்சம்தான், அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்று பீற்றிக்கொண்டேன். மழைக்கு ஒழுகுமா என்று அம்மா கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு அப்பாவுக்குக் கிட்னி போய்விட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்ததும் தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். பஸ் ஓட்டும்போது ஸ்டியரிங் பக்கத்தில் எப்போதும் ஒரு பாக்கெட்டில் தே ஓ ஐஸை, பால் சேர்க்காத ஐஸ் டீயை, தொங்கவிட்டிருந்த மனிதர் அவர். ஒருமுறை குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டார். குடித்தது வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் கோத்துக்கொண்டது. மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். அதிலிருந்து குளியலறைக் கதவைச் சாத்தக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். குழாய்ச் சத்தம் கேட்டால் நானும் காதைத் தீட்டிக்கொள்வேன். மகளா காவல்காரியா என்று எனக்கே அருவருப்பாக இருக்கும்.

அம்மா கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். எங்கள் ஊர் உலு திராமின் வெயில் கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஹாலில் கட்டிலில் படுத்திருந்தார். அன்றைய பங்கு காலையிலேயே மாத்திரைகளோடு தீர்ந்துவிட்டது.

"ஒரு வாய் குடும்மா. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

முடியாது என்றேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஒரு துணியை நனைத்து உதட்டில் ஒற்றினேன். அவர் துணியைப் பல்லால் கவ்விக்கொண்டு உறிஞ்சத் தொடங்கினார். நான் பிடுங்கினேன். பெற்ற அப்பாவின் வாயிலிருந்து பிடுங்கினேன். அவர் மல்லாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல அவ்ளோ தண்ணி இருக்குன்னு சொன்னியே, அத எடுக்க முடியாதா?"

கிண்டல் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. ஒரு மூலக்கூறு எப்படிப் புரள்கிறது என்று நாள்முழுக்கப் பேசத் தெரிந்தவளுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. பரீட்சைக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னேன்.

"சூடு பண்ணா வந்துரும்பா. ஆனா தண்ணி போயிட்டா பலகை பொடியாயிரும். சீலிங் நிக்காது."

அவர் சீலிங்கை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார்.

"அப்ப வேணாம்லா. அங்கயே இருக்கட்டும். அம்மா தலையில விழுந்துறப் போவுது."

சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தார். சற்று நேரத்தில் மறுபடி இந்தப் பக்கம் புரண்டார். நான் அந்த ஈரத் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.