மில்காரர் பெண் பார்க்கப் போன கதை

தேனியில் அப்போதெல்லாம் ஆற்றங்கரைப் பக்கம் போனால் பஞ்சு பறக்காத இடம் கிடையாது. பருத்தி அரைவை மில், நூல் மில், பொதி ஏற்றிய லாரி என்று ஊரே மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குச் சாப்பிட்டது. மில்காரனை அடையாளம் காணப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். டீக்கடையில் அவன் டீ கேட்டால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். மிஷின் இரைச்சலுக்குள் கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிடும். இன்னொன்றும் தானாக வந்துவிடும். சத்தமே இல்லாமல் வாயை அசைத்துப் பேசுவார்கள். எதிராளியின் உதட்டைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

மலைச்சாமி சின்ன வயதிலேயே நூல் மில்லுக்குள் போனவர். முப்பது தாண்டியும் கல்யாணம் கூடவில்லை. போன இடமெல்லாம், "மாப்பிள்ளை கோவக்காரராத் தெரியுறாகளே" என்று கையை விரித்தார்கள். பாவம், மனுஷன் சாதாரணமாகத்தான் பேசியிருப்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் ஓடைப்பட்டியில் ஒரு இடம் வந்தது. பெண் ஜக்கம்மா. அவளுடைய அண்ணனும் மில்காரன்தான். அந்த வீட்டில் சத்தத்துக்கு யாரும் மிரள மாட்டார்கள். இது கூடிவிடும் என்று மலைச்சாமியின் அம்மா நம்பிப் போனார்.

ஜக்கம்மா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மலைச்சாமிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அண்ணன் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவளுடைய உதடு மட்டும் அசைந்தது.

"எனக்கு இஷ்டமில்ல. நான் சொன்னா அண்ணன் கேக்க மாட்டாக. பிடிக்கலைன்னு நீங்களே சொல்லிருங்க."

அத்தனை பேர் நடுவில் அது மலைச்சாமிக்கு மட்டும்தான் தெரிந்தது. காப்பியைக் குடித்து முடித்தார். பதமாகச் சொல்லத்தான் நினைத்தார். பாழாய்ப்போன தொண்டை விடவில்லை.

"எனக்குப் பொண்ணு பிடிக்கல."

தெருவே எட்டிப் பார்த்தது.

"ஏலே, ஒனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அம்மா தேனி வந்து சேரும்வரை பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தார். மலைச்சாமி காரணம் சொல்லவில்லை. மறுநாள் ஷிப்டில் மிஷின்களுக்கு நடுவே நின்று அழுதார். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது.

பிறகு மயிலாடும்பாறையிலிருந்து சண்முகத்தாயைக் கட்டினார். குடும்பம் நன்றாகத்தான் நடந்தது. சில வருஷம் கழித்துத் தேனி பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றபோது, எதிர்ப்பக்கம் ஜக்கம்மா. இடுப்பில் பிள்ளை, பக்கத்தில் புருஷன். ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவள் உதடு அசைந்தது.

"நல்லாருக்கீகளா?"

"நல்லாருக்கேன் தாயி" என்றார் மலைச்சாமி. ஒட்டி நின்ற சண்முகத்தாய்க்குக்கூடக் கேட்கவில்லை.