மேட்ரனம்மா வீட்டு வாசலில் ஒரு பை

எங்கள் வீட்டில் குப்பை என்று ஒன்று சேர ஆரம்பித்ததே மகள் பிறந்த பிறகுதான். அதுவரை காய்கறித் தோலெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லீக்ஸ் பாத்திக்குப் போகும். காகிதம் அடுப்புக்குப் போகும். தகரத்தையும் போத்தலையும் எப்போதாவது வரும் போத்தல்காரர் எடுத்துக்கொள்வார். மகள் வந்தாள், கூடவே ஒருமுறை கட்டிக் கழற்றி எறியும் பம்பர்ஸும் வந்தது. நாள் கணக்காக வெயிலையே காட்டாத இந்த மழையில் துணியைத் துவைத்துக் காயப்போடுவது நடக்காத காரியம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், மாதச் சம்பளக்காரன், வாங்க முடிந்தது. வாங்குவதைப் பற்றி யோசித்தோமே தவிர, கழற்றியதை எங்கே போடுவது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

முதலில் எரித்துப் பார்த்தேன். ஊறிப்போனது எங்கே எரியும்? புகைந்து புகைந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்க நாறியது. பக்கத்துக் காமரா வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னா சார், ஓமம் வளக்குறீங்களா?" என்று கேட்டார். பிறகு புதைத்தேன். நாய்கள் தோண்டியெடுத்து, ஒவ்வொரு வீட்டு வாசல் இஸ்தோப்பிலும் ஒன்று என்று பங்குவைத்துவிட்டுப் போயின. கான் வாய்க்காலில் போட்டால் மழைத்தண்ணீரோடு கீழே இருக்கும் பணிய லயத்துப் பீலிக்குப் போய்ச் சேரும். அங்கே சனங்கள் குடிக்கத் தண்ணீர் பிடிக்கிறார்கள். அதைச் செய்யும் அளவுக்கு நான் கெட்டவன் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

குப்பை வண்டி வராதா என்று கேட்பீர்கள். தோட்டம் கம்பெனியுடையது, அதனால் பிரதேச சபையின் குப்பை டிராக்டர் மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். கம்பெனியைக் கேட்டால், குப்பை எடுப்பது சபையின் வேலை என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் பேசும், பம்பர்ஸ் மட்டும் வீட்டிலேயே இருக்கும்.

ஆகவே தோட்டத்தில் பல பேர் செய்வதையே நானும் செய்தேன். காலையில் ஹட்டன் பஸ்ஸில் ஏறும்போது குப்பையையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் அது. டவுனில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த நகரசபையின் தொட்டிக்குள் போட்டுவிட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, வாத்தியாராக நடந்துபோவேன். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

போன வருடம் நகரசபை இந்த விஷயத்தில் கண்டிப்பானது. ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு சிங்களத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே போனார்கள். மண்ணில் உக்குவதைத் தனியாக வையுங்கள், உக்காததைத் தனியாக வையுங்கள், இன்ன கிழமைக்கு இன்னதுதான் எடுப்போம், கலந்து வைத்தால், அதிலும் பம்பர்ஸ் இருந்தால், தொடமாட்டோம். வீட்டு வாசலுக்கே வண்டி வரும், அதனால் தெருத் தொட்டிகள் இனி இல்லை. நல்ல திட்டம்தான். வகுப்பில் நானே அதைப் புகழ்ந்து, உக்கும் பொருள், உக்காப் பொருள் என்று கரும்பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதிப் பாடம் எடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பையோடு போய் இறங்கினால் தொட்டியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஈரமாக ஒரு சதுரமும் ஒரு காகமும்தான் மிச்சம். கையில் பையோடு டவுனை ஒரு சுற்றுச் சுற்றினேன். என்னைப் போலவே பையோடு நின்று முழித்த இன்னும் சிலரையும் பார்த்தேன், எல்லோரும் தோட்டத்து முகங்கள். ஒருவரையொருவர் தெரியாததுபோல் பார்த்துக்கொண்டோம். கடைசியில் பையை ஆசிரியர் அறையில் என் நாற்காலிக்குக் கீழே வைத்திருந்து, சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவந்தேன். "என்னங்க, போனது திரும்பி வந்துருச்சு?" என்றாள் மனைவி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறும் சந்தில்தான் மேட்ரனம்மாவின் வீடு. பெரியாஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வுபெற்றவர், தனியாக இருக்கிறார், முழங்கால் வலியால் அதிகம் வெளியே வரமாட்டார். அவருடைய பேரன் கொழும்புக்குப் போகும்வரை நான்தான் அவனுக்கு டியூஷன் கொடுத்தேன். அவர் வீட்டு வாசலில் குப்பை அழகாக, கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்திருக்கும். நாலோடு ஐந்தாக இன்னொன்று இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? காலை வகுப்புக்காக நான் முதல் பஸ்ஸில் வருகிறவன். சந்தில் ஆள் இருக்காது. செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, பையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவ்வளவு சுலபமாக இருந்தது. அதன் பிறகு குப்பை எடுக்கும் கிழமைகளிலெல்லாம் என் செருப்பு அந்த இடத்தில் வந்து அவிழ்ந்தது.

இதில் நான் யோசிக்காத ஆள் ஒருத்தி இருந்தாள். மேட்ரனம்மா வீட்டில் வேலை செய்தவள் எங்கள் லயத்துப் பெண். என் வீட்டிலிருந்து நாலு காமரா தள்ளி இருக்கிறாள். புருஷன் கொழும்பில் ஏதோ கடையில். என் மகளைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு ஆண் குழந்தை. அதை மாமியாரிடம் விட்டுவிட்டு, எனக்கு அடுத்த பஸ்ஸில் வருவாள். அதாவது, நான் வைத்த பை ஒவ்வொரு முறையும் அவளுக்கு முன்னால் அங்கே போய் அவளுக்காகக் காத்திருந்தது.

ஒருநாள் சாயங்கால பஸ்ஸில் அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, இந்த அநியாயத்தக் கேளுங்க. எவனோ விடியக்காலையில வந்து மேட்ரனம்மா கேட்டுல குப்பைய வச்சுட்டுப் போறான். உள்ள என்னா தெரியுமா? பம்பர்ஸு!"

"ச்சே," என்றேன்.

"டவுன்காரனாத்தான் இருக்கும். காசு இருக்கிற திமிரு. வண்டிக்காரங்க பாத்தா அந்தம்மா குப்பையையும் எடுக்காம போயிருவாங்க. அதான் நானே பையப் பிரிச்சு, அந்தக் கருமத்த ரெண்டு சொப்பிங் பேக்குல சுத்தி, அந்தம்மா மூட்டைக்கு அடியில அமுக்கி வச்சிர்றேன். கைய எத்தன தரம் கழுவினாலும் நாத்தம் போக மாட்டேங்குது."

"மேட்ரனம்மாகிட்ட சொல்லலையா?"

"சொன்னா அது முட்டி வலியோட கேட்டுல வந்து காவல் நிக்கும். பாவம், வயசான மனுசி."

கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். என் மகளின் அழுக்கை அந்தக் கைதான் அத்தனை நாளும் அள்ளியிருக்கிறது. "என்ன சனங்களோ," என்று நானும் சொன்னேன், குரலில் கொஞ்சம் கோபத்தைக்கூடச் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவங்க அவ. இனி அங்க வைக்காதீங்க," என்றாள். "அப்ப எங்க வைக்கிறது, நீயே சொல்லு," என்று எரிந்து விழுந்தேன். அந்த வாரமும் வைத்தேன், அடுத்த வாரமும் வைத்தேன். அந்தப் பெண்தான் பிரித்து ஒளித்துவிடுகிறாளே, யாருக்கும் தொந்தரவில்லையே என்று ஒரு கேவலமான நிம்மதிகூட இருந்தது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பிறகு ஒருநாள், பள்ளிக்கூட இடைவேளையில் வினாத்தாளைப் போட்டோ காப்பி எடுக்கச் சந்து வழியாக இறங்கினேன். மேட்ரனம்மா வீட்டு வாசலில் கூட்டம். டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. ஒரு மூட்டையின் அடி கிழிந்து உள்ளே இருந்ததெல்லாம் தார் ரோட்டில் கிடந்தது. நகரசபை மேற்பார்வையாளர் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார். பம்பர்ஸை அடியில் ஒளித்துவைத்து எங்களை ஏமாற்றப் பார்க்கிறீர்களா நோனா, இனி இந்த வீட்டுக் குப்பையை எடுக்கமாட்டோம் என்றார். வாழ்நாளெல்லாம் வார்டுகளைக் கண்டிப்போடு நடத்திய அம்மா, தடியை ஊன்றிக்கொண்டு, தெருவே பார்க்க நின்று திட்டு வாங்கினார்.

அவர் வேலைக்காரப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "என் வீட்டுல ஏது சின்னப் புள்ள? உன் வீட்டுலதான் இருக்கு. தோட்டத்துக் குப்பைய இங்க கொண்டாந்து ஒளிக்கிறியா நீ?"

"ஐயோ, இல்லம்மா. யாரோ வச்சுட்டுப் போறாங்க. நான் பிரிச்சுத்தான்..."

"யாரோ வைக்கிறத நீ எதுக்கு ஒளிக்கிற?"

"என் புள்ளைக்கு நான் துணிதாம்மா கட்டுறேன், சத்தியமா," என்றாள். அப்போதுதான் என்னைக் கண்டாள். கண்டவள் பார்வையை எடுக்கவே இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இதோ என்னைக் கைகாட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

மேட்ரனம்மாவும் என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா சார் இந்த வேலைய? உங்க தோட்டத்துப் புள்ளதானே?"

அந்த இடத்தில்தான் நான் அதைச் சொன்னேன். "விடுங்க மேடம். தெரியாம செஞ்சிருப்பா."

பரிந்து பேசுகிறவனின் குரலில் சொன்னேன். கேட்டவர்களுக்கு நான் நல்ல மனிதனாகத்தான் தெரிந்திருப்பேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு, செய்தது அவள்தான் என்று முடிவாகிவிட்டது. "நாளையில இருந்து வரவேணாம்," என்றார் மேட்ரனம்மா. நான் வினாத்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போட்டோ காப்பிக் கடைக்கு நடந்தேன்.

அவள் டவுன் வேலை கிடைத்ததும் தோட்டத்து வேலைப் பதிவில் தன் பேரை வெட்டிக்கொண்டு போனவள். திரும்பிப் போனால் பேர் பதியமாட்டார்கள். ஆள் குறையும் நாளில் மட்டும் அன்றைய கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கக் கூப்பிடுவார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தின் ஓரத்தில், மேற்பார்க்கும் கண்டாக்கு தன்னைக் கூப்பிடுவாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். பஸ்ஸுக்குப் போகும் நான் அந்த வழியாகத்தான் போகவேண்டும். பல நாள் அவள் வெறுங்கையோடு திரும்பி வருவதாக மனைவி சொன்னாள். எங்கள் வீட்டில் பம்பர்ஸ் அன்றோடு நின்றுபோனது. அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணியைப் போட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. நடக்காத காரியம் என்றோமே, அது இவ்வளவுதான்.

சாப்பாடு இறங்காத கட்டத்தில் ஒருநாள் துணிந்து மேட்ரனம்மா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். அந்தப் பைகள் என்னுடையவை, நான்தான் வைத்தேன், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவர் சிரித்தார். "உங்களுக்கு நல்ல மனசு சார். ஏழைப் புள்ளைக்காகப் பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்க. ஒரு வாத்தியார் இந்த வேலையச் செய்வாரா?"

"இல்ல மேடம், உண்மையாவே..."

"விடுங்க. எப்பிடியும் இப்ப வேற புள்ள வந்திருச்சு." அந்த வேறு பிள்ளை எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செய்தி என்னை முந்திக்கொண்டு லயத்துக்குப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் இஸ்தோப்புக்கு வந்தாள். முகத்தில் சிரிப்பு.

"எனக்காகப் போய் மேட்ரனம்மாகிட்ட பேசினீங்களாமே அண்ணே. செய்யாத பழிய ஏத்துக்கிட்டீங்களாம். கூடப் பொறந்தவன்கூட இப்பிடிச் செய்யமாட்டான்."

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. உள்ளே மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒன்றுவிடாமல் அவளிடம் சொன்னேன். தொட்டி போனதிலிருந்து, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்ததிலிருந்து, பஸ்ஸில் அவளோடு சேர்ந்து என்னையே நான் திட்டியது வரை. காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிப்பு போய்விட்டது, அவ்வளவுதான். குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"பை உங்களோடதுன்னு சொல்லணும்னு நான் கேக்கல அண்ணே. அத யாருதான் நாலு பேரு முன்னாடி சொல்லுவாங்க. அன்னைக்கு உங்களக் கண்டதும், அப்பாடா, நம்ம லயத்து ஆளு வந்துட்டாருன்னு இருந்துச்சு. என் புள்ளைக்குத் துணிதான் கட்டுறேன்னு தெரிஞ்ச ஆளு அங்க நீங்க ஒருத்தருதானே. அத மட்டும் சொல்லிருவீங்கன்னு உங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். சொல்லியிருக்கலாம். அவள் வீட்டுக் கொடியில் அந்தத் துணிகளைத் தினமும் பார்க்கிறவன் நான். அதைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்ளவும் போவதில்லை. அவள் வேலையும் போயிருக்காது. ஆனால் அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது என்பதே அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வாசலில் அத்தனை பேர் நின்றும், என் பையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.