மதினி பார்த்த வைரம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் எங்கள் காட்டில் கடலை நன்றாக விளைந்தது. "ஒனக்கு ஒரு வைர மூக்குத்தி எடுத்துருவோம்" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணத்தின்போது எனக்குச் சிவப்புக் கல் மூக்குத்திதான் போட்டிருந்தார்கள்.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு நாங்கள் புறப்பட்டபோது மதினியும் கூட வந்து நின்றாள். மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. புருஷன் விஷக்காய்ச்சலில் போனபின் எங்கள் வீட்டோடு இருந்தாள். நல்லது பொல்லாதுக்கு வெளியே வராதவள், அன்றைக்கு, "நான் பாக்காம கல்லு எடுக்கக் கூடாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏனென்று எனக்குத் தெரியாது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். மேடு வந்தபோதெல்லாம் இறங்கி நடந்தோம்.

எங்களை வைர வியாபாரியின் கடையில் உட்காரவைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் கடலைப் பணம் வாங்க மண்டிக்குப் போனார். வியாபாரி வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, வெள்ளைக் காகிதத்தில் சில கற்களைப் பரப்பினார். எனக்கு எல்லாமே ஒன்றுபோல மின்னின. மதினி பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தாள்.

"இதுல கருப்பு இருக்கு. வேணாம்."

அடுத்ததை எடுத்தாள். "இதுல மயிரு மாதிரி ஒரு கீத்து. வேணாம்."

இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. வியாபாரி கோபப்படவில்லை.

"ஆத்தா, பூமிக்குள்ள வெந்து வர்ற கல்லு. வரும்போதே உள்ள எதையாச்சும் பிடிச்சு வச்சுக்கிட்டுத்தான் வரும். துளிகூட இல்லாத கல்லும் உண்டு, அது ரொம்ப அபூர்வம், வெலையும் அப்பிடி. வெறும் கண்ணுக்குத் தெரியாம, கண்ணாடி வச்சாத்தான் தெரியுதுன்னா அது நல்ல கல்லுதான். கீத்து மட்டும் ஓரம் வரைக்கும் ஓடுதான்னு பாத்துக்கங்க. ஓடுனா, எங்கயாச்சும் இடிபட்டாத் தெறிச்சுப்போகும்."

மதினி கண்ணாடியைக் கீழே வைத்தாள். "கருப்புப் புள்ளி இருந்தா வீட்டுக்காரருக்கு ஆகாதுன்னு சொல்றாகளே?"

"சொல்றாக. எங்க வீட்டுல அவ போட்டுருக்குற தோட்டுல ரெண்டு கல்லுல புள்ளி இருக்கு. நான் கல்லு மாதிரி ஒங்க முன்னாடி ஒக்காந்துருக்கேன்."

நான் சிரித்துவிட்டேன். மதினி சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மூக்குத்தியை எடுத்து அவரிடம் நீட்டினாள். கல்யாணத்தில் அவளுக்குப் போட்ட வைர மூக்குத்தி. அப்போதுதான் சொன்னாள்: புருஷன் செத்த வீட்டிலேயே மாமியார் அதைக் கழற்றச் சொல்லி, கல்லில் கருப்பு இருக்கிறது, அதுதான் தன் மகனைக் கொண்டுபோய்விட்டது என்று கத்தினாளாம். அன்றிலிருந்து மதினி அதை எடுத்துப் பார்த்ததே இல்லை.

வியாபாரி அதைத் துடைத்துப் பார்த்தார். "புள்ளி இருக்கு. ஆனா நல்ல கல்லு. நீங்களே பாருங்க."

மதினி வெகுநேரம் பார்த்தாள். தெருவில் வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன.

"இதுதானா?" என்றாள் கடைசியில். "இத்தினியூண்டு. கடுகுல கால்வாசிகூட இல்ல. இதா அவுகளக் கொண்டுபோச்சு?"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் காகிதத்தின்மேல் சொட்டியது. வியாபாரி எழுந்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவருவதாக உள்ளே போனார். நான் மதினியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். "காய்ச்சல்ல போனாக, மதினி. காய்ச்சல்லதான் போனாக" என்றேன். அவள் தலையாட்டினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலில் தள்ளிவைத்த கற்களை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "இதுல ஒரு சின்னப் புள்ளி இருக்கு. ஓரத்துல இல்ல, ஒடையாது. வெளிச்சத்த எப்பிடி வாங்குது பாரு. இத எடுத்துக்க" என்றாள். அதையே எடுத்தோம். தன்னுடையதை மோதிரமாகக் கட்டித்தரச் சொன்னாள். கூடவே ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும் என்றாள். மண்டியிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் எதற்கென்று கேட்கவில்லை, வாங்கிக் கொடுத்தார்.

புருஷனைக் கொண்டுபோன கல்லையே விரலில் போட்டிருக்கிறாள் என்று மோதிரத்தைப் பார்த்து ஊரில் முணுமுணுத்தார்கள். அவள் கழற்றவில்லை. கேட்டவர்களிடம் கண்ணாடியைக் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றாள். பார்த்தவர்கள் தங்கள் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிப் பார்த்தார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்தது.

அடுத்த வைகாசியில் மேலத்தெருவில் ஒரு கல்யாணம். பெண்ணின் அம்மா எங்கள் வீடு தேடி வந்து, "தோட்டுக்குக் கல்லு எடுக்கப் போறோம், நீங்க வந்து பாத்துச் சொல்லணும்" என்று மதினியைக் கூப்பிட்டாள். நல்ல காரியத்துக்கு அவளை யாரும் அழைத்து வருஷங்களாகியிருந்தன. மதினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வாங்க மதினி, மாட்ட நான் பாத்துக்கிர்றேன்" என்றேன்.

அந்தக் கல்யாணத்தில் அவள் பந்தலுக்குள் முன்வரிசையில், பெண்ணின் அத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.