கிறீச்சிடும் படி

செய்தி வந்தபோது காலை ஆறே முக்கால். இல்வா மேசையில் உட்கார்ந்து, பழுப்புப் பாலாடைக்கட்டியை ரொட்டியின் விளிம்பைத் தாண்டாதபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். என் அண்ணன் ஹால்வர் வேலை செய்யும் படகின் கேப்டன் சோல்வி தொலைபேசியில் அழைத்தாள்.

"டூருன், உட்கார்ந்திருக்கியா?"

நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"முதல் நடை போய்க்கிட்டு இருந்தோம். ஹால்வர் ஸ்வேலே சுட்டுக்கிட்டிருந்தான். தட்டு விழுற சத்தம் கேட்டுச்சு. நக்கலா ஏதோ சொல்லிக்கிட்டேதான் உள்ள போனேன், டூருன். தரையில கிடந்தான். என்னென்னவோ பண்ணிப் பார்த்தோம்..."

அதன் பிறகு அவள் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. கழுவுதொட்டியில் என் அண்ணனின் காப்பிக் கோப்பை கிடந்தது. அடியில் காப்பி இன்னும் காயவில்லை.

ஊரை ஒட்டிய ஃபியோர்டை, அந்தக் குறுகிய கடற்கழியை, கடக்கும் கார் படகில் ஹால்வர் சமையல்காரன். கனமான, வெண்ணெய் தடவிய அவனுடைய ஸ்வேலே அப்பங்களுக்காகவே அடுத்த படகை விட்டுவிட்டு இவன் படகுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மணவாழ்க்கை முறிந்தபோது ஒரு பெட்டியோடு வந்து எங்கள் கீழ்த்தளத்து அறையில் தங்கினான். "ரெண்டு வாரம்தான், அப்புறம் கிளம்பிடுவேன்" என்றான். போகவே இல்லை.

என் மகள் இல்வாவுக்கு ஆட்டிசம். அப்போது அவளுக்கு நான்கு வயது. குளிர்பெட்டியின் ரீங்காரம், விளக்கின் வெளிச்சம், சட்டைக் கழுத்தின் துணிச்சீட்டு எல்லாமே அவளை வதைத்தன. வீட்டுக்குள் இருக்கும்போதே "வீட்டுக்குப் போகணும்" என்று அழுவாள்.

ஹால்வர் இதைப் பற்றி எதுவும் படித்தவனில்லை. எடுத்த எடுப்பில் சொதப்பினான். காதை மூடும் கருவி ஒன்று வாங்கி வந்து, கேட்காமலேயே அவள் தலையில் மாட்டினான். அவள் அதைக் கொண்டுபோய் ஃபியோர்டில் வீசினாள்.

"நல்லா எறியுறா. கைப்பந்துக்குச் சேர்த்து விடு" என்றான் என்னிடம்.

அன்று முதல் எதையும் அவளைக் கேட்காமல் செய்ததில்லை. மங்கலான விளக்குகள் வந்தன. குளிர்பெட்டி பின்னறைக்குப் போனது. உட்கூரையில் கனத்த துணியால் ஓர் ஊஞ்சல் தொங்கியது, அவள் அதற்குள் சுருண்டு மறைந்துகொள்ளலாம். மெல்ல மெல்ல "வீட்டுக்குப் போகணும்" என்ற அழுகை நின்றது.

கடைசியாக, கீழ்த்தளத்திலிருந்து அடுப்படிக்கு ஏறும் மாடிப்படி. விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் ஹால்வர் கீழிருந்து ஏறி வரும்போது ஒவ்வொரு படியும் கிறீச்சிடும், அவள் விழித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு படியைத் திருகாணி போட்டு இறுக்குவது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். மின்துளைப்பான் கூடாது, கைத்திருப்புளிதான். எந்தப் படி என்பதை அவள்தான் சொல்வாள். எப்படியென்றால், தன் கம்பளிக் காலுறை ஒன்றை அந்தப் படியில் வைப்பாள்.

வேலை செய்யும்போது அவன் முணுமுணுத்துப் பாடினால், "மாமா, வாயையும் திருகு" என்பாள்.

மேலிருந்து இரண்டாவது படியில் மட்டும் காலுறை வரவே இல்லை. இருப்பதிலேயே உரக்கக் கத்துவது அதுதான்.

"அதை ஏன் விட்டு வெச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"அது அவ முடிவு. சொல்லும்போது சொல்லட்டும். உனக்கு என்ன அவசரம்?" என்றான்.

இரண்டு வாரம் கழித்து அவன் போய்ச் சேர்ந்தான்.

இல்வாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். மாமாவின் இதயம் நின்றுவிட்டது, இனி வரமாட்டார். அவள் ரொட்டியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

ஊஞ்சலுக்குள் போய்த் துணியை இழுத்து மூடிக்கொண்டாள்.

அடக்கம் நடந்த நாட்களில் அவள் தன் அப்பா வீட்டில் இருந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் அவளைக் கூட்டி வந்தேன். வளைவில் கார் திரும்பியதுமே பார்த்தேன். வீடு முழுக்க வெள்ளை வெளிச்சம்.

பக்கத்து வீட்டு பூடிலிடம் எங்கள் சாவி ஒன்று உண்டு. எங்கள் ஊரில் டுக்னாட் என்றால் யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் கை ஓய்ந்துவிட்டால் தெருவே வாளியும் துடைப்பமுமாக வந்து வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். நான் அவளை அழைக்கப் போயிருந்தபோது அப்படித்தான் வந்திருக்கிறார்கள். தரை பளபளத்தது, பச்சைச் சோப்பின் வாசனை மூக்கை அடைத்தது. 'பழுதான' மங்கல் விளக்குகள் மாற்றப்பட்டிருந்தன. ஊஞ்சல் துணி துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து நாற்காலியில் இருந்தது. அடுப்பில் ஒரு பானை நிறைய குழம்பு. அத்தனையும் அன்பு.

இல்வா செருப்பைக் கழற்றாமல் நேராக மாடிப்படிக்குப் போனாள். மேலிருந்து இரண்டாவது படியில் குதிகாலை வைத்து அழுத்தினாள். சத்தமில்லை. மறுபடி அழுத்தினாள். திரும்பி நடந்து காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போகணும்."

ஐந்து வருடமாகக் கேட்காத வாக்கியம்.

"இதுதான்டா நம்ம வீடு."

"இல்ல. படி பேசல. மாமா வர்ற சத்தம் எங்க?"

"மாமா வரமாட்டார், கண்ணு."

"அது நீ ஏற்கெனவே சொல்லிட்ட. நான் படியைக் கேக்கறேன்."

வெளியே பனி இறுகத் தொடங்கியிருந்தது. பூடிலின் கதவைத் தட்டினேன். அவள் கணவர் எகில், ஓய்வு பெற்ற தச்சர், வீட்டுச் செருப்போடு வந்து நின்றார். சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"அவன் முடிக்காம விட்டுட்டுப் போயிட்டானேன்னு நினைச்சேம்மா. அவனுக்குச் செய்யிற மரியாதைன்னு நினைச்சுத்தான்..."

"கேட்டுட்டுச் செய்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் பூடில் உள்ளிருந்து.

"ஆமா, அந்த ஊஞ்சலை இஸ்திரி போட்டது எங்க பாட்டி!" என்றார் எகில், உள்ளே பார்த்து.

எகில் திருப்புளியோடு வந்து திருகாணிகளைக் கழற்றினார். மிதித்துப் பார்த்தார். சத்தம் வரவில்லை. அடியில் ஆப்பு வைத்திருப்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. குனிந்து அதையும் தட்டி எடுத்தார். நான் குப்பையிலிருந்து பழைய விளக்குகளைப் பொறுக்கி மாட்டினேன்.

இல்வா வாசல்வரை வந்து நின்றாள். படியை மிதித்தாள். கிறீச்சிட்டது.

"மெல்லிசா இருக்கு. எகில், நீங்க குண்டு. கீழ இருந்து ஏறி வாங்க."

அவர் கீழே போய், மெதுவாக ஏறி வந்தார். இரண்டாவது படி கத்தியது. அடுப்படியில் நின்றிருந்த நான், கை தன்னால் காப்பிப் பாத்திரத்துக்குப் போக, கதவைத் திரும்பிப் பார்த்தேன். எகில்தான் நின்றிருந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரி" என்றாள் இல்வா. செருப்பைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தாள்.

திருகாணிகள் அடுப்படி ஜன்னல் திண்டில், ஹால்வரின் கோப்பைக்குள் கிடக்கின்றன. காலுறை இன்னும் அந்தப் படிக்கு வரவில்லை.