சாந்தகுமாரி இடது பக்கம் ஓட்டிய ஊர்

என் மனைவி சாந்தகுமாரிக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்தால் ஒரு கையால் என் தோளையும் இன்னொரு கையால் ஸ்டெப்னியையும் பிடித்துக்கொண்டு, புனேயில் போபோடியிலிருந்து கட்கி பஜார் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வருகிற ஆள். அப்பேர்ப்பட்டவள் நாற்பது வயதுக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டு கார் ஓட்டினாள் என்று சொன்னபோது எங்கள் ஆபீசில் ஒருத்தனும் நம்பவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற கார் என்று விளக்கினேன். அதைக் கேட்டபிறகு என்னையே ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அதற்கு முன்னால் அவள் போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை பார்த்தாள். லேத்திலிருந்து வருகிற இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அளவு பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் வலது பக்கத் தட்டு. இல்லாவிட்டால் அதன் நெற்றியில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு, இடது பக்கத் தட்டு. கல்யாணமாகிப் புனே வந்த வருஷத்திலிருந்து அதுதான் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. நான் வாங்கிவருகிற கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சில சமயம் என்னையும் அப்படித்தான் பார்ப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே பேச எனக்கு இஷ்டமும் இல்லை, அவசியமும் இல்லை.

பிறகு கம்பெனியை உத்தராஞ்சலுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே வரி கிடையாதாம். இவளுக்குக் கையில் ஒரு தொகையும் ஒரு ஸ்டீல் டப்பாவும் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் எழுந்து பழக்க தோஷத்தில் டிபன் கட்டிவிடுவாள். பஸ்சுக்குப் போக வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்ததும் அதைப் பிரித்து அவளே பால்கனியில் நின்றபடி சாப்பிடுவாள். லோணாவளா லோக்கல் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். டிவி ஓடும், பார்க்க மாட்டாள். நான் கட்கி சர்க்கார் ஃபாக்டரி ஸ்டோர்ஸில் குமாஸ்தா. கை சும்மா இருந்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால் அவள் கஷ்டம் எனக்குப் புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது.

மேல் மாடியில் ரீனா என்று ஒரு பெண் இருந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் தட்டுத்தடுமாறி வரும். பாணேரில் ஒரு கம்பெனியில் சின்ன அதிகாரி. ஒருநாள் படியிறங்கும்போது சாந்தாவிடம் நின்று சொன்னாள்.

“ஆன்ட்டி, எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்க. உங்க வேலையேதான். இரும்பு இல்ல, கேம். அதுல மிஸ்டேக் எங்க இருக்குன்னு பாத்து எழுதணும். பஸ், இத்னா ஹி, அவ்ளோதான்.”

“கம்ப்யூட்டர் எனக்கு இன்னா தெரியும்மா?”

“தெரிய வேணாம். பொறுமை வேணும். எங்க பசங்களுக்கு அது மட்டும்தான் இல்ல.”

இப்படித்தான் அவள் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அந்த ஊருக்குப் பெயர் இருந்தது, ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் யாரோ செய்கிற கார் பந்தய விளையாட்டு. ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற பந்தயம் இல்லை. ஒரு முழு நகரமே திறந்து கிடக்கும். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழையலாம், மலை ஏறலாம், கடற்கரை ரோட்டில் போய்க்கொண்டே இருக்கலாம். தோன்றினால் பந்தயத்துக்கு நிற்கலாம், தோன்றாவிட்டால் விட்டுவிடலாம். எதில் மோதினாலும் கார் உதறிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடும். யாருக்கும் ரத்தக் காயம் கிடையாது. ஆபீசில் இருந்த பையன்கள் எல்லோரும் பந்தயப் பகுதிகளுக்கு அடித்துக்கொள்ள, யாரும் கேட்காத துறைமுகப் பக்கம் இவளுக்கு வந்தது. வேலை இதுதான்: ஒவ்வொரு சுவரையும் காரால் உரசிக்கொண்டே போக வேண்டும். எங்காவது சுவர் சுவராக இல்லாமல் வழிவிட்டால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஊர்க்கதை ஆரம்பமாகும்.

“அங்க எப்பவும் சாயங்காலம்தாங்க. சூரியன் கடலுக்கு மேல ஒரு சாண் உயரத்துல நிக்குது, இறங்கவே மாட்டேங்குது.”

“கரன்ட் மிச்சம்.”

“மழை வரும். ரோடெல்லாம் பளபளன்னு ஆயிடும். கடைங்க எல்லாத்துலயும் விளக்கு எரியுது. வண்டிங்க தானா ஓடுது, ஆனா ஊர்ல ஒரு ஆள் இல்ல. ஒரு ஜன்னல்லயும் தலை தெரியாது. இருந்தாலும் பயமா இல்லீங்க. எல்லாரும் உள்ள தூங்குறாங்க, நாம சத்தம் போடாம போவணும்னு தோணுது.”

அந்த ஊரில் சத்தம் போடாமல் கார் ஓட்டியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சிவப்பு விளக்கு வந்தால் நின்றாள். பக்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். அதைவிடப் பெரிய வேடிக்கை, இடது பக்கமாகவே ஓட்டினாள். அது அமெரிக்க ஊர், வண்டிகள் வலது பக்கம் போகும். இவள் பாட்டுக்கு நம்மூர் மாதிரி இடது ஓரமாகப் போக, எதிரே வருகிற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு விலகின. ரீனா பலமுறை சொல்லிப் பார்த்தாள். மூளைக்கு ஏறியது, கைக்கு ஏறவில்லை.

ஆனாலும் அவள் முகம் மாறியது. டிபன் கட்டுகிற கையில் வேகம் வந்தது. பஸ்சில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், போகிற வழிக் கட்டடங்களை எல்லாம் ஒரு உரிமையோடு பார்க்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஔந்த் ரோட்டில் போகும்போது, “இந்தச் சுவர் நல்லா இருக்கு, இடைவெளி இல்ல” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, தலைக்கு ஏறிவிடும்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னோடு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது.

“ஏங்க, ஒரு ஓட்டை கண்டுபிடிச்சேன்.”

துறைமுகத்துக்குப் போகிற பாலம். அதன் தொடக்கத்தில் இடது ஓரம் சுவருக்கும் தூணுக்கும் நடுவே ரோடு ஒட்டாமல் இருந்ததாம். வேகமாகப் போனால் கார் தாண்டிவிடும். வலது பக்கம் போகிறவனுக்குத் தெரியவே தெரியாது. இடது ஓரமாக, அதுவும் மெதுவாகப் போனால்தான் உள்ளே விழும். உலகத்தில் யார் அப்படிப் போவார்கள்? என் பெண்டாட்டி போனாள்.

“விழுந்தா இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது. ஊருக்கு அடியில போயிடுவோம். மிதக்கும்.” சொல்லும்போதே அவள் கண் எங்கேயோ இருந்தது. “அந்த மாதிரி அமைதியை நான் எங்கயும் பாத்ததில்லீங்க. தினமும் சாப்பாட்டு வேளையில அங்க ஒருதரம் போய்ட்டு வரேன்.”

“எழுதிக் குடுத்தியா?”

“இல்ல.”

நான் பட்டாணியைக் கீழே வைத்துவிட்டேன். போசரியில் தலைமுடி கனம் தப்பாக இருந்தாலும் சிவப்புப் பொட்டு வைத்தவள். அவள் கையைத் தாண்டி ஒரு பழுதான துண்டும் வெளியே போனதில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு இருந்த கர்வம்.

“எழுதினா அடைச்சுடுவாங்க” என்றாள். “எழுதலேன்னா, தப்போட வெளிய போயிடும். தீபாவளிக்கு முன்னாடி எல்லாம் முடிஞ்சு அனுப்பணுமாம். இன்னா பண்றதுன்னு தெரியல.”

“விடு சாந்தா. ஒரு ஓட்டையால யாருக்கு நஷ்டம்? சர்க்கார்ல எத்தனை ஓட்டை இருக்கு, நாங்க எழுதியா குடுக்கிறோம்?”

அவள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலையில் எழுதிக் கொடுக்கும் முடிவோடு போவாள், சாயங்காலம் கொடுக்காமல் திரும்புவாள். அது அவள் நடையிலேயே தெரிந்தது. எனக்கு வந்தது வேறு கோபம். பதினெட்டு வருஷம் என்னோடு இந்த இரண்டு அறையில் குடித்தனம் நடத்தினவளுக்கு, நான் வர முடியாத ஒரு இடத்தில்தான் நிம்மதி கிடைத்திருக்கிறது. பொறாமையாக இருந்தது. ஒரு ஓட்டையின் மேல் பொறாமைப்பட்டவன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். “அங்கதான் நிம்மதின்னா அங்கயே இருந்துக்க. இங்க எதுக்கு வரணும்?”

அவள் என்னைக் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “ஆயுத பூஜைக்கு ஆபீசுக்கு வாங்க” என்றாள். “வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருக்காங்க.” அவ்வளவுதான்.

போனேன். பாணேரில் அப்போது பாதி கட்டடம், பாதி வயல். உள்ளே போனால் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் சாமந்தி மாலை. ஆரத்தி முடிந்து பேடா கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து சாந்தா கொண்டுபோன பொரிகடலையும் சுண்டலும் ஒரு ஓரத்தில் இருந்தன. பூஜை முடிந்ததும் பையன்கள் மாலையை ஒதுக்கிவிட்டு மறுபடி விளையாட உட்கார்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் தன் நாற்காலி பக்கமே போகவில்லை. அவள் கையில் பிடித்துக் கார் ஓட்டுகிற கன்ட்ரோலருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து வாழையிலைத் துண்டின் மேல் வைத்திருந்தாள்.

“உக்காருங்க” என்றாள் என்னிடம். “அதை எடுத்துக்குங்க.”

“பூஜையில வெச்சதை இன்னிக்குத் தொடலாமா?”

“நான்தான் தொடக்கூடாது. எனக்குத்தான் அது ஆயுதம். உங்களுக்கு அது ஆயுதம் இல்லியே.”

சட்டம் என்றால் இதுதான் சட்டம். உட்கார்ந்தேன். சந்தனம் விரலில் ஒட்டியது.

திரையில் அந்தச் சாயங்காலம் வந்தது. அவள் பின்னால் நின்று, தோளில் கை வைத்துக்கொண்டு வழி சொன்னாள். ஸ்கூட்டரில் பிடிக்கிற அதே தோள். “மெதுவா போங்க. கடைத்தெரு வழியா. இப்ப மழை வரும் பாருங்க.” வந்தது. ரோடு பளபளத்தது. எனக்கும் கை தானாக இடது ஓரத்துக்குத்தான் போனது. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டின. நாங்கள் இருவரும் கவலைப்படவில்லை. பாலம் வந்தது. தூண் வந்தது. கார் ஒருமுறை முன்னால் குனிந்தது.

சத்தம் எல்லாம் நின்றுவிட்டது.

அந்த ஊர் எங்கள் தலைக்கு மேலே இருந்தது. ரோடுகள் அப்பளம் போல மெல்லிசாக இருந்தன. கடலுக்கு ஆழமே இல்லை, மேல் தோல் மட்டும்தான். வீடுகளுக்குத் தரை கிடையாது. உள்ளே ஆளும் இல்லை, கட்டிலும் இல்லை, வெளிச்சம் மட்டும் நின்றது. வெகு உயரத்தில் கார்ச் சக்கரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்குக் கீழேயும் வானம், அதே சாயங்கால நிறம். நாங்கள் விழுந்துகொண்டுதான் இருந்தோம், ஆனால் விழுகிற மாதிரியே இல்லை. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி, விளக்குகள் எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து, ஒரு பூஜையறை வெளிச்சம் அளவுக்கு ஆனது. எனக்கு என் வயசு, ஸ்டோர்ஸ், போபோடி எல்லாம் மறந்துபோயிற்று. பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாந்தா, இதை எழுதிக் குடுக்காத” என்றேன். இந்தத் தடவை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுநாள் விஜயதசமி. ஊருக்கெல்லாம் தசரா லீவு, அவர்களுக்கு மட்டும் வேலை நெருக்கடி. நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். புதுசாக எதையும் தொடங்குகிற நாள் என்று தலைக்குக் குளித்திருந்தாள். உள்ளே போனவள், முதல் காரியமாக அந்த ஓட்டையை எழுதிக் கொடுத்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். சாப்பிட உட்கார்ந்தேன்.

“மூடிட்டாங்க” என்றாள். “அடைச்சதை நாங்கதான் சரிபாக்கணும். இடது ஓரமா மெதுவா போனேன், மோதுச்சு. மறுபடி மறுபடி மோதிப் பாத்தேன். கெட்டியா இருக்கு. சரின்னு போட்டுட்டேன்.”

அவள் குரலில் துக்கமே இல்லை. பழைய போசரி சாந்தாவின் குரல். எனக்குத்தான் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரி இருந்தது.

“அடைக்கத்தான் போறேன்னா கண்டுபிடிச்ச அன்னிக்கே எழுதியிருக்கலாமே” என்றேன் எரிச்சலாக. “எதுக்கு அத்தனை நாள் கிடந்து தவிச்சே?”

“வெளி ஆளை ஆபீசுக்குள்ள விடமாட்டாங்க. பூஜை அன்னிக்குத்தான் விடுவாங்கன்னு ரீனா சொல்லுச்சு.” ரசத்தைக் கலக்கி என் தட்டில் ஊற்றினாள். “நீங்க பாக்காம எப்படி மூடச் சொல்றது?”

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. கல்யாணமாகி அதுதான் முதல் தடவை என்று அவள் இன்றைக்கும் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.