கோகிலா பந்தைப் பிடித்தால் நின்றுவிடுவாள்

போன மாதம் மகளுக்குப் பூப்பந்து மட்டை வாங்க ஒரு பேரங்காடிக்குப் போனேன். அவள் மட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்துக் கூடையில் கிடந்த ஒரு கூடைப்பந்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கடைப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன செய்வது, புதுப் பந்தின் வாசனையைக் கண்டால் எனக்கு மூக்கு சும்மா இருப்பதில்லை.

நான் பிறந்தது மலேசியாவில், நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டம். ரப்பர் பாலின் நாற்றம் எங்கள் துணியிலும் தலைமுடியிலும் ஊறிக் கிடந்தது. புதுப் பந்தின் வாசனை, அந்த நாற்றத்துக்கு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை மாதிரி இருக்கும். அதை முதன்முதலில் முகர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில், மலாக்கா டவுனில், ஒரு சீனருடைய இரும்புச் சாமான் கடையில் பில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தபோது. ஆணியும் பெயிண்டும் விற்கிற கடையில் பந்து எதற்கு என்று கேட்பீர்கள். அது விற்பனைக்கு இல்லை. எதிர்ச் சாலையில் இருந்த ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்கு, ஆண்டுக்கு ஒரு பந்து எங்கள் முதலாளி இலவசமாகக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் மேசை மேல் வைத்து அழகு பார்ப்பார்.

முதலாளியைத் தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தோட்டத்துக் கடையில் வளர்ந்த மனிதர். அவர் பேசும் தமிழ் என் அப்பாவின் தமிழைவிடத் தெளிவாக இருக்கும். கோபம் வந்தால் அந்தத் தெளிவு காதைப் பொத்த வைக்கும்.

ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, பக்கத்தில் இருந்த யூசுப் பாய் டீக்கடைக்குப் போவார். ராமநாதபுரத்துப் பரம்பரை, மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த பாய். அங்கே டாக்சி ஓட்டும் மாரியண்ணன் காத்திருப்பார். நுரை பொங்க ஆற்றிய டீ, மூன்று தே தாரே, வரும். பிறகு பேச்சு ஆரம்பிக்கும். விஷயம் ஒன்றுதான்: வருகிற பருவத்தில் எதிர்க் கல்லூரிப் பெண்கள் தேறுவார்களா, மாட்டார்களா?

இவர்களில் யாருக்கும் அந்தக் கல்லூரியில் மகளோ மருமகளோ கிடையாது. கல்லூரித் திடல் வேலியை ஒட்டி டாக்சி நிறுத்துமிடம். சவாரி இல்லாத நேரத்தில் பார்த்துப் பார்த்து மாரியண்ணனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. தவுக்கேவுக்கு அவர் வாங்கும் சீனப் பத்திரிகையால் வந்த பித்து. உள்ளூர்க் கூடைப்பந்துச் செய்தி அதில் மட்டும்தான் வரும். பத்திரிகையை விரித்துப் பிடித்து, சீன மொழியில் படித்து, தோட்டத்துத் தமிழில் சொல்வார். பாய் ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை, ரொட்டிக்கல்லை விட்டு நகர முடியாது. ஆனாலும் கருத்து சொல்வார்.

பஸ் வரும்வரை நானும் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பெரியவர்கள், அதுவும் ஆண்கள், ஊரார் பெண்களின் பந்தாட்டத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதை எங்கள் தோட்டத்தில் நான் பார்த்ததில்லை. இவர்களுக்கு என்ன வந்தது என்று தெரிந்துகொள்ளவே சில நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அந்த வருடம் பெரிய பிரச்சினை. குழுவின் சென்டர், கூடைக்கு அடியில் நின்று ஆடும் நெட்டையான சீனப் பெண், படிப்பு முடிந்து கோலாலம்பூருக்குப் போய்விட்டாள்.

"செகண்ட் ரவுண்ட்லயே பொட்டி கட்ட வேண்டியதுதான்" என்றார் மாரியண்ணன். "ஹைட்டு இல்லாம கூடைக்குக் கீழ என்னா பண்றது, பல்லாங்குழியா ஆடுறது?"

"சியூ லான் இருக்கா" என்றார் தவுக்கே. அது குழுத் தலைவியின் பெயர். "அவ ஓட்டத்துக்கே செமி வரைக்கும் போலாம்."

"மானா போலே, தவுக்கே? எப்புடி முடியும்? ஓடிப் போயி யாருக்குக் குடுப்பா?"

"அந்தத் தமிழ்ப் பொண்ணு?"

மாரியண்ணன் தே தாரேயைக் கீழே வைத்தார். "அது பந்தப் புடிச்சா நின்னுருது லா. செல மாதிரி!"

அந்தத் தமிழ்ப் பெண்தான் கோகிலவாணி. சுங்கை ரம்பாய்க்காரி. கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். இந்தக் கதையில் எனக்கு முக்கியத்துவம் வந்ததே அவளால்தான். நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அதற்கு அவள் வந்து சேர்ந்தாள். கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இது தெரிந்த அன்றிலிருந்து எனக்கு மூன்றாவது நாற்காலி. பாய் என்னிடம் டீக்குக் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார். கேள்விகள் மட்டும் நிற்கவில்லை.

"தங்கச்சி, வீட்டுல என்னா சாப்புடுது அந்தப் பொண்ணு?"

"முட்டி வலிக்குதுன்னு எதாச்சும் சொன்னாளா?"

"நல்லா தூங்குறாளா?"

பந்து உருண்டையா சதுரமா என்பதற்கு மேல் எனக்கு அந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் "ரெண்டு நாளா ஒரு தெம்பு தெரியுது, தவுக்கே" என்று டாக்டர் மாதிரி சொல்லி வைப்பேன். அதை வைத்து அவர்கள் அரைமணி நேரம் வாதாடுவார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். குழுவில் ஆடுவதற்காகத்தான் கல்லூரி கோகிலாவுக்குக் கட்டணத்தைக் குறைத்திருந்தது. இந்தப் பருவத்தில் அவளை உட்கார வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். அவளுடைய அம்மா மூவாரில் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலையில் அவளுக்காக ஏற்கெனவே வேலை பேசி வைத்திருந்தார். கல்லூரிக்குப் போய் இன்னும் உயரமாகிவிட்டால் மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்பது அம்மாவின் கவலை. கூட்டத்தில் நடக்கும்போது "குனிஞ்சு நட, குனிஞ்சு நட" என்று முதுகில் தட்டிக்கொண்டே இருப்பாராம். அதனால் கோகிலாவின் தோள்கள் முன்னால் வளைந்தே இருக்கும்.

ஒரு சாயங்காலம் வாதம் முற்றிப்போனது. ஏன் நிற்கிறாள் என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பயம் என்றார் தவுக்கே. கண்ணில் கோளாறு என்றார் மாரியண்ணன். பாய் ரொட்டிக்கு மாவை வீசிக்கொண்டே சொன்னார்:

"ஒரு மாசமா இதையே பேசுறீங்க. அந்தப் புள்ளையவே கேட்டா என்னா?"

இருவரும் அவரைத் திகைத்துப் பார்த்தார்கள். உண்மையில் அந்த யோசனை எங்கள் ஒருவருக்கும் வந்ததில்லை. அவளோடு ஒரே அறையில் தூங்கிய எனக்கும்தான்.

பாய் பேச்சோடு நிறுத்தவில்லை. பயிற்சி முடிந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்த கோகிலாவைக் கை தட்டிக் கூப்பிட்டுவிட்டார். "இங்க வாம்மா. உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்காங்க."

அவள் கூரைத் தகரத்துக்குக் குனிந்து உள்ளே வந்தாள். மாரியண்ணன் பெரிய ஐஸ் மைலோ சொன்னார். இத்தனை நாள் அவளுடைய முட்டியையும் தூக்கத்தையும் அலசியவர்கள், பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவளே கேட்டாள்.

"நான் தேற மாட்டேன்னு பேசிக்கிறீங்களாண்ணே?"

"சேச்சே" என்றார் மாரியண்ணன்.

"நீ பந்தப் புடிச்சா நிக்குற" என்றார் தவுக்கே, தரையைப் பார்த்து. "ஏன் நிக்குற?"

கோகிலா மைலோவைக் கலக்கினாள். "தமிழ்ப் பள்ளியிலேருந்து பாரம் அஞ்சு முடிச்சு ஸ்கூல விடுற வரைக்கும் நெட்பால்தான் ஆடுனேன். அதுல பந்து கைக்கு வந்தா கால் நவரக் கூடாது. நவுந்தா விசில் அடிச்சிருவாங்க. இப்பவும் பந்து கைக்கு வந்தா விசில் கேக்குது அங்கிள். காதுலயே கேக்குது."

பயமும் இல்லை, கண் கோளாறும் இல்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த நிமிடம் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்ல? கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அதைவிட, இனி பேசுவதற்குப் புதிதாக ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

மருந்து கண்டுபிடித்தவர் மாரியண்ணன். நகர்ந்தால் விசில் அடித்துப் பழக்கிவிட்டார்கள் அல்லவா? நின்றால் ஹாரன் அடித்துப் பழக்குவது. மறுநாள் பயிற்சியின்போது டாக்சியை வேலியோடு ஒட்டி நிறுத்தினார். கோகிலா பந்தைப் பிடித்து நின்ற மறுகணம் 'பாம்' என்று ஒரு அடி. சாலையில் போன மோட்டார் சைக்கிள்காரன் தடுமாறினான். கோகிலா துள்ளி இரண்டு எட்டு ஓடினாள். சியூ லான் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்சியாளர் ஒல்லியான, அதிகம் பேசாத சீனர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேலியை நோக்கி நடந்து வந்தார். மாரியண்ணன் அவசரமாகச் சாவியைத் திருகினார். வந்தவர் கண்ணாடிப் பக்கம் குனிந்து, நாளைக்கும் வர முடியுமா என்று மலாயில் கேட்டார்.

சவாரி போனாலும் போகட்டும் என்று அந்த மனிதர் தினமும் வந்து ஹாரன் அடித்தார். அவர் ஊருக்குப் போன நாட்களில் தவுக்கே தன்னுடைய வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். வேன் ஹாரன் மெல்லியது, பலன் குறைவு என்பது பிறகு நடந்த விவாதத்தின் முடிவு. மெல்ல மெல்லக் கோகிலா நிற்பது குறைந்தது. வீட்டில்கூட, தெருவில் ஏதாவது வண்டி ஹாரன் அடித்தால் கட்டிலில் படுத்தபடியே ஒரு உதறு உதறுவாள். நான் சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடித்துக்கொள்வேன்.

பருவத்தின் முதல் ஆட்டம் மூவாரில், ஒரு சீனப் பள்ளி மண்டபத்தில். மாரியண்ணன் டாக்சியில் தவுக்கே, நான், பாய். ஆமாம், பாயும்தான். ரொட்டிக்கல்லை மச்சானிடம் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மண்டபத்தில் எங்களுக்கு முன்பே ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் பை, காலில் ஜப்பான் சிலிப்பர். அவர் தலையைத் திருப்பிய விதத்திலேயே கோகிலாவின் அம்மா என்று தெரிந்துவிட்டது. சுங்கை ரம்பாயிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார், மகளை நேரில் பார்த்து முடிவு சொல்லிவிட்டுப் போக. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் பாதி முழுவதும் கோகிலா பெஞ்சில். அம்மா பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். இரண்டாம் பாதியில் கூப்பிட்டார்கள். கோகிலா எழுந்து நிமிர்ந்தாள். முதல் பந்து வந்தது. பிடித்தாள். நின்றாள். மூவார்ப் பெண் ஒருத்தி கையிலிருந்தே பறித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

"போச்சு" என்றார் மாரியண்ணன். "மண்டபத்துக்குள்ள டாக்சிக் காடிய எப்படிக் கொண்டு வர்றது?"

இரண்டாவது பந்து. மறுபடியும் நின்றாள். தவுக்கே கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஓடப்போகிறாள் என்று நினைத்து எதிராளிகள் இருவர் பக்கவாட்டில் பாய, அவள் நின்ற இடத்திலிருந்து அசையாமல், கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, பந்தை மேலே அனுப்பினாள். நெட்பால் கூடைக்குப் பின்னால் பலகை கிடையாது. அதனால் அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகு நின்று நின்றேதான் ஆடினாள். பிடிப்பாள், நிற்பாள், எறிவாள். எத்தனை நாள் ஹாரன்! எல்லாம் வீண். ஜெயித்தோம்.

அம்மா மணி அடித்ததும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "அந்த மூவார்ப் பிள்ளைங்கள்லாம் என்னா இவ்ளோ கட்டையா இருக்குங்க? பாவம்."

பிறகு மகளிடம் பையைக் கொடுத்தார். அதில் வீட்டில் சுட்ட முறுக்கு. தொழிற்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அடுத்த ஆட்டம் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வழியில் கோகிலா எங்களோடு டாக்சியில் வந்தாள், முன் இருக்கையில், முட்டியை மடக்கி. "ஏம்மா மறுபடியும் நின்ன?" என்று மாரியண்ணன் ஆற்றாமையோடு கேட்டார்.

"தெரிலண்ணே. அங்க ஒன்னுமே கேக்கல. விசிலும் இல்ல, உங்க ஹாரனும் இல்ல. எறியலாம்னு தோணிச்சு, எறிஞ்சேன்."

அடுத்த சுற்றில் சிரம்பான் குழுவிடம் தோற்றார்கள். மாரியண்ணன் சொன்னபடியே செகண்ட் ரவுண்ட். தான் சொன்னது பலித்ததற்காக அவர் அளவுக்கு வருத்தப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் கடைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து, "சரி, அடுத்த வருஷம்..." என்றார். பாய் மூன்று தே தாரே போட்டார். கோகிலா குழுவில் நிலைத்தாள், படிப்பும் நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கடையின் காசு போடும் தொலைபேசி அடிக்கும். சுங்கை ரம்பாயிலிருந்து அம்மா. மகளைக் கேட்கமாட்டார். "மாரி தம்பி இருக்காரா? இந்த வருசம் எப்படியாம்?"

கோகிலா படித்து முடித்து ஜொகூர் பாருவில் வேலைக்குப் போனாள். இப்போதும் தீபாவளிக்குப் பேசுவாள். ரிங்கிட் மதிப்பு விழுந்த வருடம் அந்தக் கல்லூரியை மூடிவிட்டார்கள். திடல் இன்று கார் நிறுத்துமிடம். இரும்புக் கடையில் கைபேசி உறை விற்கிறார்கள். பாய் காலமாகிவிட்டார், அவர் கடை இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று போன முறை தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

கல்லூரி வாசலில் சங்கிலி விழுந்த வாரம் நினைவிருக்கிறது. அதில் ஒரு நாள், வழக்கம்போல ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போனோம். தவுக்கே பத்திரிகையை விரித்தார். ஒரு பக்கத்தை வெகுநேரம் படித்தார். என்ன போட்டிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒன்னும் இல்ல" என்றார்.

பாய் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மாரியண்ணன் எதிர்ச் சாலையைப் பார்க்கவில்லை.

"சியூ லான் தங்கச்சி ஒன்னு இருக்காமே" என்றார். "அக்காவ விட வேகமாம்."

"வேகம் இருந்தா போதுமா?" என்றார் தவுக்கே. "கூடைக்குக் கீழ யாரு நிப்பா?"

"வருவாங்க லா. யாராச்சும் ஒரு நெட்டப் பொண்ணு வரும்."

"எங்கேருந்து வரும்?"

குரல்கள் உயர ஆரம்பித்தன. என் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. நான் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.