மெல்லத் தட்டு, ஓடு

அன்று ஆட்டத்துக்கு வந்தவர்களைச் சொல்கிறேன். அணியைத் தொடங்கிய அண்ணை. பந்து எறியும் மன்னார்க்காரன். அவனுடைய தம்பி. வைலே நகரத்திலிருந்து காரில் வரும் இந்தியத் தமிழர். தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிஃப்டில் நிற்கும் நாலு பேர். நான். எங்களைப் பழக்கிய டெனிஷ்காரர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்.

டென்மார்க்கில் எங்கள் ஊரான இக்காஸ்டில் பேஸ்போல் மைதானம் ஒன்று, அணிகள் இரண்டு. அன்று வெல்லும் அணிக்குத்தான் இனி மைதானம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். தோற்றால் எங்கள் அணி கலையும், விரும்பியவர்கள் மற்ற அணியில் சேரலாம். அண்ணைக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

டெனிஷ்காரர் ஒரு பழைய அமெரிக்க அணியைப் பற்றியே கதைப்பார். நூறு வருடத்துக்கும் முந்தியது. பெரிய அடி கிடையாது. பந்தை மெல்லத் தட்டுவார்கள், எல்லோரும் சேர்ந்து ஓடுவார்கள். அப்படியே எல்லோரையும் வென்றார்கள். எதிரியின் காலைத் தடக்குவார்களாம். நீளப் புல்லுக்குள் வேறு பந்து ஒளித்து வைப்பார்களாம். நாங்கள் தட்டலையும் ஓட்டத்தையும் மட்டும் எடுத்தோம்.

நாங்கள் மட்டை பிடிக்கும் கடைசி முறை. ஒரு ஓட்டம் குறைவு. இரண்டு பேர் அவுட், மூன்றாமவரோடு ஆட்டம் முடியும். மூன்றாம் பேஸில் நான், ஹோம் பேஸுக்கு ஓடினால் ஒரு ஓட்டம். மட்டை அண்ணையிடம். பந்து வந்து சேருமுன் அவர் முதல் பேஸை மிதித்தால்தான் என் ஓட்டம் கணக்கில் சேரும்.

"அண்ணை, முழங்காலை வீட்டிலை வைச்சிட்டு வந்தனீங்களோ?" என்று மன்னார்க்காரன் கத்தினான்.

"பொத்தடா வாயை. நான் ஓடேக்கை பார்."

எதிரணி தள்ளி நின்றது. இந்த நேரத்தில் தட்டுவார் என்று அவர்கள் நினைக்கவில்லை. அண்ணை தட்டினார். பந்து கோட்டோரம் உருண்டு நின்றது. நான் ஓடி ஹோம் பேஸை மிதித்துவிட்டுத் திரும்பினேன்.

அண்ணை ஓடிக்கொண்டிருந்தார். கையில் மட்டை. தட்டியதும் அதைப் போட்டுவிட வேண்டும்.

"மட்டையைப் போடுங்கோ!"

அவருக்குக் கேட்கவில்லை. பேஸுக்கு ஓரடி முன்னால் குனிந்து மட்டையை நீட்டினார், கிரிக்கெட்டில் கோட்டுக்குள் வைப்பதுபோல. மட்டை பேஸில் பட்டது. பந்து அங்கே நின்றவன் கைக்கு வந்தது. அண்ணையின் கால் அதற்குப் பிறகுதான் வந்தது.

நடுவர் மடக்கிய கையை உயர்த்தினாள், அவுட்.

"என்ன அவுட்? மட்டை பட்டது தானே!"

"கால் படவேணும், அண்ணை" என்றேன்.

இந்தியத் தமிழர் மெதுவாகச் சொன்னார். "நீங்க ரன் எடுத்துட்டீங்க அண்ணா. கிரிக்கெட்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை மட்டையைப் பார்த்தார். "ஓம்" என்றார். அதைத் துடைத்துப் பையில் வைத்தார்.

பலகையில் எழுதினார்கள். அவர்களுக்கு ஏழு, எங்களுக்கு ஆறு.